வாட்டா, உயரமா?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு படுத்துவிட்டன. சாலையெங்கும் மரம். கையில் செல்போன் இருந்தது, சார்ஜும் இருந்தது, சிக்னல்தான் இல்லை. பக்கத்து ஊரில் இருக்கும் அண்ணன் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள ஆள்தான் நடந்து போக வேண்டியிருந்தது.

செல்போனும் ஒரு வானொலிதான். ஆனால் பக்கத்தில் நிற்பவரிடமே பேசினாலும் அது டவர் வழியாகத்தான் பேசும். டவருக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். டீசல் ஏற்றி வரும் வண்டிக்குச் சாலை வேண்டும். டவரிலிருந்து கிளம்பும் ஃபைபர் கேபிள் அறுந்திருக்கக் கூடாது. இதில் ஒரு கண்ணி விட்டாலும் கையில் இருப்பது கடிகாரமும் டார்ச் லைட்டும்தான். நடுவில் யாரும் இல்லாமல் ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு நேராகப் பேசும் செட்டுக்கு இந்தச் சங்கிலி தேவையில்லை. போலீஸ் ஜீப்பில் இருக்கும் ‘மைக்’ அந்த வகை. நாகை மீனவர்கள் படகில் வைத்திருக்கும் வி.எச்.எஃப். செட்டும் அந்த வகைதான்.

சேற்றிலும் ஆற்றங்கரையிலும் ஓடுகிற ஜீப்புக்கு இப்படி ஒரு செட் வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ‘எத்தனை வாட்?’ என்பதாக இருக்கும். கடைக்காரருக்கும் அது வசதி, வாட் ஏற ஏற விலை ஏறும். வேறு எந்த நிலப்பரப்பிலாவது அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் அர்த்தம் இருக்கலாம். காவிரி டெல்டாவில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் தொடுவானம். ஆன்டெனா தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் வானொலித் தொடுவானம் கிலோமீட்டரில் வரும். கண்ணுக்குத் தெரியும் தொடுவானத்தைவிட இது சற்றுத் தள்ளி இருக்கும். காற்றின் அடர்த்தி மேலே போகப்போகக் குறைவதால் அலை பூமியின் வளைவோடு லேசாக வளைந்து போகிறது. ஜீப்பின் கூரையில் இருக்கும் ஆன்டெனா 2 மீட்டர் உயரம் என்றால் தொடுவானம் 5.8 கிலோமீட்டர். எதிர் வண்டிக்கும் அதே 5.8. இரண்டையும் கூட்டினால் 11 கிலோமீட்டருக்கு மேல் கொஞ்சம். அதற்கப்பால் இருவருக்கும் நடுவே பூமியே மறைப்பாக நிற்கிறது.

தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி என்பார்கள், 66 மீட்டர். அதன் உச்சியில் ஓர் ஆன்டெனா இருந்தால் (தொல்லியல் துறை மன்னிக்கட்டும், கணக்குக்காக மட்டும்) சாலையில் ஓடும் ஜீப்போடு ஏறத்தாழ 39 கிலோமீட்டர் வரை பேசலாம். கும்பகோணம் அதற்குள் வந்துவிடுகிறது. ராஜராஜன் 1010-ல் கட்டி முடித்த கோயிலின் உச்சி, இந்தச் சமவெளியில் எவ்வளவு தூரத்துக்குக் கண்ணில் படுமோ அதைவிடச் சற்று அதிக தூரத்துக்கு வானொலியில் எட்டும்.

ஐம்பதைத் தாண்டிய தஞ்சைக்காரர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை, மொட்டைமாடியில் செய்து பார்த்தவர்கள் அவர்கள். கொடைக்கானலிலிருந்து தூர்தர்ஷன் வந்த காலத்தில் டெல்டா முழுக்க இரும்புக் குழாய் நட்டு அதன் நுனியில் மீன்முள் ஏரியலைக் கட்டினார்கள். ‘இன்னும் ஒரு குழாய் சேர்த்தா படம் தெளிவா வரும்’ என்று ஏரியல் கட்டுபவர் சொன்னது காசுக்காக மட்டும் அல்ல. கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரம். அந்த உயரத்துக்குத் தொடுவானம் 189 கிலோமீட்டர். நேர்கோட்டில் தஞ்சாவூர் அங்கிருந்து ஏறத்தாழ 190 கிலோமீட்டர். தஞ்சாவூர் சரியாக விளிம்பில் உட்கார்ந்திருந்தது, அதற்குக் கிழக்கே திருவாரூரும் நாகையும் விளிம்புக்கு அந்தப் பக்கம். பத்தடி கூட்டினால் புள்ளிமழை குறைந்து செய்தி வாசிப்பவரின் முகம் தெரிந்தது. கடற்கரை ஊர்களில் ஏரியலைத் தெற்கே திருப்பினால் இலங்கையின் ரூபவாகினி வந்தது.

தொடுவானம் ஒரு பாதி கதை. தொடுவானத்துக்கு உள்ளேயே சமவெளி இன்னொரு வேலை செய்கிறது. டெல்டாவுக்கே உரியது அதுதான்.

ஒரு வண்டியிலிருந்து கிளம்பும் அலை அடுத்த வண்டிக்கு இரண்டு வழியில் வந்து சேர்கிறது. ஒன்று நேராக வருவது. மற்றொன்று நடுவில் இருக்கும் வயலில் பட்டுத் தெறித்து வருவது. சம்பா நட்ட புதிதில் தண்ணீர் நிற்கும் வயல் ஒரு கண்ணாடி. மிகத் தாழ்ந்த கோணத்தில் தெறிக்கும் அலை தலைகீழாகப் புரண்டு விடுகிறது, அதன் மேடு இருந்த இடத்தில் பள்ளம். இரண்டு ஆன்டெனாக்களும் தாழ்வாக இருந்தால் இரு பாதைகளின் நீளமும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆக, மேடும் பள்ளமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது சொற்பம். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் சிக்னல் நான்கில் ஒரு பங்காகும். இங்கே பதினாறில் ஒரு பங்காகிவிடும்.

இதை வாட் கணக்கில் வைத்துப் பாருங்கள். 5 வாட் செட்டை விற்றுவிட்டு 50 வாட் செட் வாங்குகிறீர்கள். சக்தி பத்து மடங்கு. எட்டும் தூரம் இரண்டு மடங்குகூட ஆகாது, 1.78 மடங்குதான். மாறாக ஒரே ஒரு ஆன்டெனாவை 2 மீட்டரிலிருந்து 8 மீட்டருக்கு உயர்த்தினால், பாதை வித்தியாசம் கூடி அழிவு குறைவதால், சிக்னல் பதினாறு மடங்கு ஏறும், தூரம் இரட்டிக்கும். ஈரமண் இந்தக் கணக்கில் கொஞ்சம் கழித்துக்கொள்ளும், ஆனாலும் வெற்றி உயரத்துக்குத்தான். ஒரு மூங்கில் கழியின் விலையை 50 வாட் செட்டின் விலையோடு வைத்துப் பார்த்தால் யாருக்கும் முடிவெடுக்கத் தெரியும். அதோடு, உயர்த்திய ஆன்டெனா கேட்பதற்கும் உதவும். வாட் உங்கள் குரலை மட்டுமே கொண்டுபோகும், எதிராளியின் மெலிந்த குரலை இழுத்துவராது. கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள், பதில் காதில் விழாது. 50 வாட் வண்டியும் கைச்செட்டும் பேசிக்கொள்ள முயலும் இடங்களில் இது தினசரிக் கூத்து.

ஓடும் வண்டியில் மூங்கில் நட முடியாதுதான். நிறுத்தி நடலாம். வேதாரண்யத்தில் ஒரு வண்டி, திருத்துறைப்பூண்டியில் ஒரு வண்டி என்று வைத்துக்கொள்வோம். நேர்கோட்டில் 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டுக்கும் நேரடியாக எட்டாது. நடுவழியில் மூன்றாவது வண்டியை நிறுத்தி, ஆறு மீட்டர் மூங்கில் நுனியில் ஆன்டெனாவைக் கட்டித் தூக்கினால் கணக்குப்படி இரு பக்கமும் தொடுவானத்துக்குள் வந்துவிடும். அந்த வண்டியில் இருப்பவர் ஒருவரிடம் கேட்டு மற்றவருக்குச் சொன்னால் போதும். எந்த இயந்திரமும் வேண்டாம், பொறுமையும் ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும்.

எந்த அலைவரிசை? இங்கே முதலில் கேட்க வேண்டியது சட்டத்தை. நம் நாட்டில் 1933-ம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் இத்தகைய கருவியைக் கையில் வைத்திருப்பதே குற்றம். 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தும் அலைக்கற்றைக்கு அனுமதி வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை. ஆன்லைனில் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கும் வாக்கி டாக்கிகள் பல, போலீஸ் அலைவரிசைகூட எட்டக்கூடியவை. விற்பவர் அதைச் சொல்வதில்லை. 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்காகவே மின்வணிகத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. படகில் இருக்கும் கடல்சார் வி.எச்.எஃப். செட்டை ஜீப்பில் மாட்டிக்கொள்ளலாமா என்றால், கூடாது. 156.8 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் 16-ம் சேனல் கடலில் தத்தளிப்பவர் கூப்பிடும் சேனல், தரையில் அரட்டைக்கு அல்ல.

உரிமம் இல்லாமல் கிடைப்பவை சில. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை 2018-ம் ஆண்டு விதிகளின்படி குறைந்த சக்தி வாக்கி டாக்கிகளுக்கு விலக்கு உண்டு. இரண்டு வண்டிகள் முன்னும் பின்னுமாகப் போகும்போது ‘பள்ளம் இருக்கு, இடப்பக்கம் வா’ என்று சொல்ல அது போதும், ஊர்விட்டு ஊர் பேச ஆகாது. 27 மெகாஹெர்ட்ஸ் சிட்டிசன் பேண்டில் 5 வாட் வரை விலக்கு. இதில் கால் அலைநீளமே இரண்டே முக்கால் மீட்டர், ஜீப்பில் சுருள் வைத்துக் குட்டையாக்கத்தான் வேண்டும். அதோடு பம்புசெட், மின்கம்பி, வண்டியின் ஆல்டர்னேட்டர் என எல்லாமே இந்த அலைவரிசையில் இரையும். விதியில் ஆன்டெனா பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்பதை வாங்கும் முன் படித்துவிட வேண்டும்.

உருப்படியாகச் செய்ய நினைப்பவருக்கு என் பரிந்துரை ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலி உரிமம். தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும், கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸ், கொஞ்சம் விதிமுறை. பிளஸ் டூ இயற்பியல் மறக்காதவர்களுக்குக் கஷ்டமில்லை. உரிமம் கிடைத்தால் வி.யு.2 அல்லது வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறியும், 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையும் கிடைக்கும். டெல்டாவுக்கு இதுவே சரியான நடு. 434 முதல் 438 வரையிலான மேல்பட்டையிலும் பேசலாம், ஆனால் மழையில் நனைந்த தென்னந்தோப்பும் மூங்கில் கொத்தும் அந்தக் குட்டை அலையை அதிகம் விழுங்கிவிடும். இரட்டைப்பட்டை செட் வாங்குங்கள், தோப்புக்குள் பேசும்போது கீழ்ப்பட்டையில் பேசுங்கள்.

இனி ஆன்டெனா. 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2.07 மீட்டர், கால் பங்கு 52 சென்டிமீட்டர். ஓர் எஃகுக் கம்பி, அவ்வளவுதான். ஆனால் கம்பி பாதி ஆன்டெனா மட்டுமே. மற்ற பாதி கீழே இருக்கும் தகரம். கம்பியில் ஓடும் மின்னோட்டத்துக்கு எதிர் ஓட்டம் கூரைத் தகரத்தில் ஓட வேண்டும். கம்பியின் அடியிலிருந்து எல்லாத் திசையிலும் அரை மீட்டர் தகரம் இருந்தால் நல்லது. பொலேரோ மாதிரி தகரக் கூரை வண்டியில் நட்டநடுவில் காந்த அடியை வைத்தால் வேலை முடிந்தது. காந்தத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் பெயின்ட் இருந்தாலும் பாதகமில்லை, அந்த மெல்லிய இடைவெளி ஒரு மின்தேக்கியாகி உயர் அதிர்வெண்ணைக் கடத்திவிடும். பம்பரில் மாட்டுவது பார்க்க மிடுக்காக இருக்கும். வண்டியின் உடம்பே ஒரு பக்கத்தை மறைக்கும், உயரமும் ஒரு மீட்டர் போய்விடும். உயரத்தின் விலை என்னவென்று மேலே பார்த்தோம்.

துணிக்கூரை ஜீப் வைத்திருப்பவர் என்ன செய்வார்? நாகப்பட்டினம் துறைமுகத்துக்குப் போய் ஃபைபர் படகுகளைப் பார்க்கலாம். அங்கே தகரமே கிடையாது. படகில் கொடி கட்டும் கழியின் உச்சியில் வெள்ளைக் குச்சியாக நிற்கிறதே, அது பெரும்பாலும் அரை அலை வகை. எதிர் ஓட்டத்தைத் தனக்குள்ளேயே முடித்துக்கொள்ளும், அடியில் தகரம் கேட்காது. 145-க்கு அரை அலை ஒரு மீட்டர் நீளம். ஜீப்பின் பின் கம்பிச் சட்டத்தில் ஒரு பிடி போட்டு இந்த வகையை மாட்டினால் துணிக்கூரை ஒரு குறையே இல்லை.

அதிக ‘கெயின்’ உள்ள நீளமான ஆன்டெனா வாங்கலாமா என்ற கேள்வி மலையேறும் ஜீப்காரர்களிடையே தீராத வழக்கு. கெயின் என்பது புதிய சக்தி அல்ல, மேலேயும் கீழேயும் போகும் அலையைப் பிழிந்து தொடுவானம் நோக்கி அனுப்புவது. ஏற்காட்டு வளைவில் வண்டி சாய்ந்து நிற்கும்போது, பேச வேண்டிய ஆள் தலைக்கு மேலே இருப்பார், பிழிந்த அலை மண்ணில் குத்தும். அங்கே குட்டைக் கம்பியே மேல். டெல்டாவிலோ எல்லோரும் ஒரே மட்டத்தில் இருக்கிறார்கள். தஞ்சாவூரிலிருந்து கடல் வரை 80 கிலோமீட்டரில் நிலம் அறுபது மீட்டர் அளவுக்குத்தான் இறங்குகிறது. ஆகவே எட்டில் ஐந்து அலை வகை, ஏறத்தாழ 1.3 மீட்டர் நீளம், இங்கே கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அடியில் ஒரு ஸ்பிரிங் மட்டும் வேண்டும். வாய்க்கால் கரையில் புளியங்கிளையும் தென்னம்பாளையும் எந்த உயரத்தில் தொங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கம்பியை அளவாக வெட்டுவது ஒரு மாலை வேலை. 55 சென்டிமீட்டராகத் தொடங்க வேண்டும். செட்டுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில், சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் போட்டு 144-லும் 146-லும் ஒரு நொடி பேசிப் பார்க்க வேண்டும். 144-ல் குறைவாகவும் 146-ல் கூடுதலாகவும் காட்டினால் கம்பி நீளம், சில மில்லிமீட்டர் நறுக்கலாம். இரண்டிலும் சமமாக வந்ததும் நிறுத்திவிட வேண்டும். 1.5 வந்தால் போதும், 2 வந்தாலும் திரும்பி வருவது சக்தியில் ஒன்பதில் ஒரு பங்குதான். மூன்றில்தான் கால் பங்கு திரும்பும், அங்கே செட் சூடாகும். இந்த எண்ணை ஒன்றுக்குக் கொண்டுவர நாள்கணக்கில் மெனக்கெடுபவர்கள் இருக்கிறார்கள். மீட்டர் நன்றாகக் காட்டுவதால் மட்டும் ஆன்டெனா நல்லதாகிவிடாது. கேபிள் முனையில் ஒரு 50 ஓம் மின்தடையை மாட்டினால் மீட்டர் அழகாக ஒன்று காட்டும், அடுத்த தெருவுக்குக்கூடக் குரல் போகாது.

கேபிள் வாங்குவதில் கஞ்சத்தனம் கூடாது. மெல்லிய ஆர்.ஜி.58 கேபிள் ஐந்து மீட்டருக்கு 145-ல் ஐந்தில் ஒரு பங்கு சக்தியைத் தின்னும், மேல்பட்டையில் இன்னும் அதிகம். மூங்கிலுக்குப் போகும் நீளமான கேபிள் தடித்த வகையாக இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் கேபிளின் வெளிப்பின்னல் வழியே ஊறி உள்ளே இறங்கும். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே செம்பு கறுத்துப்போயிருக்கும். கனெக்டர்மேல் தானாக ஒட்டும் ரப்பர் டேப்பைச் சுற்றி, வண்டிக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கோடியக்கரை, வேதாரண்யம் பக்கம் போனால் உப்புக்காற்று இந்த வேலையை இன்னும் வேகமாகச் செய்யும்.

கரண்ட் கம்பி பேட்டரியிலிருந்து நேராக வர வேண்டும், இரண்டு கம்பியிலும் பேட்டரி அருகே ஃபியூஸ். 50 வாட் செட் பேசும்போது 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், சிகரெட் லைட்டர் சாக்கெட் அதற்குத் தாங்காது.

மார்கழி, தை மாதப் பனி இரவுகளில் இதுவரை போட்ட தூரக் கணக்கெல்லாம் பொய்யாகிவிடும். தரை குளிர்ந்து, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடியாக நிற்கும்போது, அலை அந்த மூடிக்கும் தரைக்கும் நடுவில் குழாய்க்குள் போவதுபோல் வளைந்து வளைந்து போய்விடும். கடற்கரையோர ஊர்களில் இலங்கை எஃப்.எம். நிலையங்கள் உள்ளூர் நிலையம்போலத் துல்லியமாகக் கேட்பது இதனால்தான். அப்படிப்பட்ட ஓர் இரவில் செட் வாங்கிச் சோதித்தவர் தன் ஆன்டெனாவைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசுவார். பகலில் இன்னொரு முறை சோதித்துவிட்டுப் பேசலாம்.

ஊர்களுக்கு இடையே அல்ல, மாவட்டங்களுக்கு அப்பால் பேச வேண்டும் என்றால் வேறு வழி. 2004 டிசம்பர் 26 சுனாமி நாகப்பட்டினத்தைச் சூறையாடிய அதே காலையில் அந்தமானும் துண்டிக்கப்பட்டது. ஹாம் பயணமாக அப்போது போர்ட் பிளேரில் இருந்தார் பாரதி பிரசாத். வி.யு.4.ஆர்.பி.ஐ. என்ற அழைப்புக்குறியோடு உலகெங்கும் உள்ள ஹாம்களிடம் பேசவே அவர் போயிருந்தார். அன்று அந்தக் கருவிகளே தீவுகளுக்கும் நிலப்பகுதிக்கும் இடையே சிற்றலையில் செய்தி கடத்தின. பூமியின் வளைவை அந்தச் சிற்றலை வெல்லவில்லை, மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பியது.

டெல்டாவில் இதற்கு 7 மெகாஹெர்ட்ஸ் ஏற்றது. ஜீப்பில் மாட்டும் இரண்டரை மீட்டர்க் கம்பியில் இதைப் பேசலாம்தான், ஆனால் சக்தியின் பெரும்பகுதி சுருளிலும் மண்ணிலும் சூடாகப் போய்விடும். வண்டியை நிறுத்தி 20 மீட்டர் செம்புக் கம்பியை நடுவில் வெட்டி, இரண்டு முனையையும் இரண்டு தென்னைகளுக்கு நடுவில் கட்டுவது நூறு மடங்கு மேல். உயரம் உயரம் என்று இதுவரை சொன்னதெல்லாம் இங்கே செல்லாது. நான்கைந்து மீட்டர் உயரமே போதும். கீழே இருக்கும் ஈர வயல் அலையை நேர் மேலே அனுப்பும், அது அயனி மண்டலத்தில் பட்டு இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் வட்டத்துக்குள் எல்லாப் பக்கமும் மழைபோல இறங்கும். திருச்சி, மதுரை, சென்னை எல்லாம் அந்த வட்டத்தில் அடங்கும்.

ஒரு தொல்லை உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்பகுதி வழியே போகிறது, திருநெல்வேலியில் இதை ஆராயவே ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. இந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் சூரியன் மறைந்ததும் அயனி மண்டலம் சட்டென்று மேலே எழும்பிக் குமிழி குமிழியாகக் கலங்கும். பேச்சு படபடக்கும், ஒரு சொல் கேட்டு ஒரு சொல் போகும். இரவு ஏற ஏற 7 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து ஊர்களைத் தாண்டித் தூரதேசத்துக்குப் போய்விழும். ஆகவே நிவாரண முகாமிலிருந்து அரிசி, பருப்பு, மருந்துக் கணக்குகளைச் சொல்ல வேண்டுமென்றால், ஐந்து மணிக்குள் எல்லாவற்றையும் எழுதி முடித்து, பொழுது சாய்வதற்குள் படித்துக் காட்டிவிட வேண்டும்.